ஏலமலைச் சரிவுகள் – 21: எட்டுப் பிள்ளை வீடும் இரண்டு பிள்ளை வீடும்

சென்ற வாரம், 1956 நவம்பர் 1 அன்று தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை தாலுகாக்கள் கேரளத்தோடு சேர்ந்த கதையைப் பார்த்தோம். தோட்டம் ஒரு மாநிலத்தில், அந்தத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்களின் வீடு இன்னொரு மாநிலத்தில் என்று ஏலமலை வாழ்க்கை இரண்டுபட்டது. இந்த வாரம் எல்லைக்கோட்டை விட்டுவிட்டு வீட்டுக்குள் நுழைவோம். அரசாணைகளும் நில உடன்படிக்கைகளும் நிறைந்த இந்த வரலாற்றில் இதுவரை பேசாத ஒரு மாற்றம் அங்கேதான் நடந்தது. எட்டுப் பிள்ளைகள் பிறந்த வீடுகள், இரண்டு தலைமுறைக்குள் இரண்டு பிள்ளை வீடுகளாக மாறின.

போடிநாயக்கனூர் நகரத்தின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2001 கணக்கெடுப்பில் நகரின் மக்கள்தொகை 73,430. 2011-இல் 75,675. பத்து ஆண்டுகளில் கூடியது 2,245 பேர் மட்டுமே. பிழைப்புக்காகத் திருப்பூருக்கும் சென்னைக்கும் கேரளத்துக்கும் போனவர்கள் இதற்கு ஒரு காரணம். பிறப்பே குறைந்துபோனது இன்னொரு காரணம். 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் குழந்தைகள் சராசரியாக 1.8. ஒரு தலைமுறை தன் அளவிலேயே அடுத்த தலைமுறையை விட்டுச் செல்ல 2.1 தேவை. அந்தக் கோட்டைத் தமிழ்நாடு 1990-களின் தொடக்கத்திலேயே தாண்டிக் கீழே வந்துவிட்டது.

இதை யார் செய்தது? அரசாங்கம் என்று ஒரு சாரார் சொல்வார்கள், பொருளாதார வளர்ச்சி என்று இன்னொரு சாரார். போடி வட்டாரத்தின் வாழ்க்கையை வைத்துப் பார்த்தால், விடை இந்தச் சரிவுகளில் கூலி வேலை செய்த பெண்களிடம் போய் நிற்கிறது.

பெற்றதும் தங்கியதும்

எழுபதைக் கடந்த பாட்டிகளிடம் உடன்பிறந்தவர்களைப் பற்றிக் கேட்டால் இரண்டு கணக்குச் சொல்வார்கள். ‘பெத்தது எட்டு, தங்கினது அஞ்சு’ என்பது இந்தப் பக்கத்தில் சாதாரணமாகக் கேட்கும் பேச்சு. அடுத்தடுத்துக் குழந்தைகள் இறந்த வீட்டில், புதிதாகப் பிறந்ததைக் குப்பையில் கிடத்தி எடுத்து ‘குப்பை’ என்றோ, யாரிடமோ பிச்சையாக வாங்கியதுபோல் ‘பிச்சை’ என்றோ பெயர் வைத்தார்கள். சாவின் கண்ணில் படாமல் ஒரு பிள்ளையாவது நிற்கட்டும் என்ற தவிப்பு அது.

அந்தத் தவிப்புக்குக் காரணம் இருந்தது. 1876–78 தாது வருடப் பஞ்சம் மதுரை மாவட்டத்தையும் வாட்டியது. காலராவும் அம்மையும் வந்துபோய்க்கொண்டிருந்தன. மலையேறியவர்களை மலைக்காய்ச்சல் பிடித்தது. நெடுங்காலம் கழித்து, 1971-இல்கூடத் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 முதல் பிறந்தநாளைக் காணவில்லை. ஒன்பதில் ஒன்று. இரண்டு பிள்ளையோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னால் அந்தத் தாய் எந்த நம்பிக்கையில் நிறுத்துவாள்?

பிள்ளைகள் வீட்டின் உழைப்புக் கணக்கிலும் இருந்தார்கள். ஐந்து வயதில் ஆடு மேய்க்கப் போகும் பையன், ஏழு வயதில் தம்பியை இடுப்பில் தூக்கும் பெண், பத்து வயதில் விறகு சுமக்கவும் இலவங்காய் உடைக்கவும் அரைக்கூலிக்குப் போகும் சிறுவர்கள் என்று எல்லோருக்கும் வேலை இருந்தது. வயதான காலத்தில் கஞ்சி ஊற்றவும் பிள்ளைதான், கொள்ளி வைக்கவும் பிள்ளைதான். குழந்தைகளிடமிருந்து பெற்றோருக்கு உழைப்பும் காப்பும் வந்துசேரும் வரை பிறப்பு குறையாது. அந்தப் போக்கு திரும்பி, பெற்றோரின் பணம் பிள்ளைகளை நோக்கி ஓடத் தொடங்கும்போதுதான் குறையும் என்று 1976-இல் ஜான் கால்டுவெல் என்ற ஆஸ்திரேலிய மக்கள்தொகை அறிஞர் எழுதினார். போடியில் அந்தப் போக்கு எப்போது திரும்பியது என்பதுதான் நம் கேள்வி.

மலையில் இரண்டு வகை வேலை

ஏலமலையில் தேயிலையும் ஏலமும் அருகருகே வளர்ந்தாலும், அவற்றில் வேலை செய்த பெண்களின் வாழ்க்கை ஒன்றாக இருக்கவில்லை.

1877-இல் பூஞ்சாறு அரசரிடம் ஜான் டேனியல் மன்றோ பெற்ற கண்ணன்தேவன் நிலத்தில் தேயிலை பரவியபோது, கங்காணிகள் கீழ்நாட்டிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆள் சேர்த்தார்கள். கொழுந்து கிள்ளப் பெண்கள் தேவைப்பட்டார்கள். குடும்பம் லயத்து வீட்டில் தங்கியது. 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பையும் மருத்துவத்தையும், பெண்கள் அதிகமாக வேலை செய்யும் தோட்டங்களில் குழந்தைக் காப்பகத்தையும் முதலாளியின் கடமையாக்கியது. 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைக்கவும் தடை விதித்தது. பேறுகாலச் செலவு முதலாளியின் தலையில் விழுந்ததும் தோட்ட நிர்வாகங்கள் பிறப்புகளை எண்ணத் தொடங்கின. 1971-இல் தென்னிந்தியத் தோட்ட அதிபர் சங்கமான உபாசி, நீலகிரியின் மூன்று தேயிலைத் தோட்டங்களில் ஒரு சோதனையைத் தொடங்கியது. கருவுறாத ஒவ்வொரு மாதத்துக்கும் பெண் தொழிலாளியின் பெயரில் 5 ரூபாய் போட்டுவைப்பார்கள். பிள்ளைகளின் எண்ணிக்கை வரம்பு கடந்தால் அதில் பிடித்தம் செய்வார்கள். மீதி, கருத்தரிக்கும் வயது கடந்த பிறகு அவள் கைக்கு வரும். ஒரு பெண்ணின் கருப்பையைக் கம்பெனியின் கணக்குப் பேரேட்டில் ஏற்றிய திட்டம் என்று இதைக் கண்டிக்கலாம். அதே சமயம், பிள்ளை பெறுவதற்குப் பின்னால் கூலிக் கணக்கும் முதுமைக்கால அச்சமும் இருக்கின்றன என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட முதல் முயற்சிகளில் அதுவும் ஒன்று.

ஏலத்தோட்டத்தின் கதை வேறு. ஏலச்செடியின் சரம் தரையை ஒட்டிப் படர்வது. குனிந்தும் குத்தவைத்தும்தான் காய் எடுக்க வேண்டும். ஒரே சரத்தில் காய்கள் ஒன்றன்பின் ஒன்றாக முற்றுவதால், ஆடி ஆவணியில் தொடங்கி மாசி வரை அதே தோட்டத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றிவர வேண்டும். இதற்காகப் போடி, சிலமலை, ராசிங்கபுரம், தேவாரம், கோம்பை, கம்பம் ஊர்ப் பெண்கள் விடியுமுன் சோற்று வாளியோடு ஜீப் ஏறினார்கள். போடிப் பக்கத்தவர்களுக்கு முந்தல் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவுகள், பிறகு போடிமெட்டு, பூப்பாறை, சாந்தன்பாறை. இருட்டிய பிறகுதான் வீடு. மலைக்குப் போகாத பெண்களுக்குப் போடி நகரத்தில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலையும் இலவம்பஞ்சு ஆலை வேலையும் இருந்தன.

தோட்டத் தொழிலாளர் சட்டம் ஏலத்தையும் சேர்த்தே எழுதப்பட்டது. ஆனால் துண்டு துண்டான தோட்டங்களுக்கு, எல்லை தாண்டி, நாள்கூலியாகப் போகிறவளுக்கு அந்தச் சட்டம் எட்டியது அரிது. அவள் கருவுற்றால் சில மாதங்களில் ஜீப்பில் இடம் போகும். பிள்ளை பிறந்தால் இன்னும் பல மாதங்கள் கூலி போகும். வயிற்றில் பிள்ளையோடு மலைச்சரிவில் நிற்பதும், மருந்து தெளித்த தோட்டத்தில் நாள் முழுக்கக் குனிந்து கிடப்பதும் உடம்புக்கு எவ்வளவு ஆபத்து என்பதை அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தேயிலைத் தோட்டத்தில் நிர்வாகம் போட்ட கணக்கை, ஏலத்துக்குப் போன பெண் தானாகவே போட்டாள்.

மேடையில் ஒலித்த குரல்

சென்னை மாகாணத்தில் கருத்தடை பற்றிய பேச்சு 1920-களிலேயே தொடங்கிவிட்டது. 1928-இல் சென்னையில் புதுமால்தூசியச் சங்கம் அமைந்தது. படித்த ஆண்கள் கூடிய அந்தச் சபையின் கவலை, நாட்டின் வறுமையும் ஏழைகளின் பெருக்கமும். பெரியார் அந்தக் காரணங்களிலிருந்து விலகி நின்றார். நாட்டு நலனுக்கோ தாயின் உடல்நலத்துக்கோ என்று மட்டும் சொல்லாமல், பெண்ணின் விடுதலைக்கே கருத்தடை வேண்டும் என்று ‘குடி அரசு’ இதழிலும் மேடைகளிலும் வாதிட்டார். ஓயாத பிள்ளைப்பேறுதான் பெண்ணை வீட்டோடு கட்டிப்போடுகிறது என்ற அந்தக் கருத்து அன்று பலரைத் திடுக்கிட வைத்தது. சுயமரியாதைத் திருமண மேடைகள் வழியாகச் சிற்றூர்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது. பிள்ளை வரம் என்பது கடவுள் கணக்கு என்றிருந்த இடத்தில், அது மனிதர் எடுக்கும் முடிவு என்ற பேச்சு பொதுவெளிக்கு வந்தது.

அரசின் திட்டம் வேறு வழியில் வந்தது. 1951 கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஆர்.ஏ. கோபாலசாமி, பின்னர் சென்னை மாநிலத் தலைமைச் செயலாளர் ஆனார். அவருடைய முயற்சியில், 1950-களின் பிற்பகுதியில், கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொள்பவருக்குப் பணம் தரும் முறையை நாட்டிலேயே முன்னோடியாகச் சென்னை மாநிலம் கொண்டுவந்தது. அன்று அறுவைச் சிகிச்சைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்பது இன்று பலருக்கு வியப்பாக இருக்கும். பிறகு குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னமான சிவப்பு முக்கோணமும் ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ வாசகமும் சுவர்களிலும் பேருந்துகளிலும் ஏறின. 1975–77 நெருக்கடிநிலையின்போது நாடு முழுவதும் இலக்கு வைத்து ஆள் பிடித்தார்கள். அந்தக் கசப்புக்குப் பிறகு ஆண்கள் விலகிக்கொள்ள, முழுச் சுமையும் பெண்களின் உடம்புக்கு மாறியது.

அந்தச் சாய்வு இன்னும் நேராகவில்லை. ஐந்தாவது குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் 57.8 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண் அறுவை 0.1 விழுக்காடு. பெண்ணுக்கு நடப்பதைவிட எளிய, ஆபத்து குறைந்த சிகிச்சை ஆணுக்கு இருந்தும் இந்த நிலை. இருபத்தைந்து வயதுக்குள் இரண்டு பிள்ளை பெற்று, ‘ஆபரேஷன்’ முடித்து, புண் ஆறியதும் ஜீப்பேறிய பெண்கள்தான் தமிழ்நாட்டின் பெயர்பெற்ற வெற்றிக்கு விலை கொடுத்தவர்கள். குடும்பக் கட்டுப்பாட்டு வரலாறு எழுதப்படும்போது இதை முதல் வரியில் எழுத வேண்டும்.

திருப்பம்: 1981–1991

முகாம்களும் வாசகங்களும் இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்தும் பிறப்பு மெல்லத்தான் இறங்கியது. மாதிரிப் பதிவுக் கணக்கின்படி 1971-இல் தமிழ்நாட்டுப் பெண்ணுக்குச் சராசரியாக 3.9 பிள்ளைகள், 1981-இல் 3.4. அடுத்த பத்தே ஆண்டுகளில் அது 2.2-க்கு விழுந்தது. அந்தப் பத்தாண்டில் என்ன நடந்தது?

முதலில், பிறந்த பிள்ளைகள் தங்கத் தொடங்கின. 1980-இல் உலக வங்கி உதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், அன்றைய மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில்தான் தொடங்கியது. போடியும் அப்போது மதுரை மாவட்டம்தான். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்து, எடை ஏறாத குழந்தைக்குத் தனியாக ஊட்டம் கொடுத்தார்கள். தடுப்பூசியும் ஆரம்பச் சுகாதார நிலையங்களும் பரவின.

இரண்டாவதாக, சோறு. 1956-இல் காமராஜர் தொடங்கிய மதிய உணவை, 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாக விரித்தார். இரண்டு வயதுக் குழந்தைக்கும் பால்வாடியில் இடம் கிடைத்தது. ஏலத்துக்குப் போகும் தாய்க்கு இதன் பொருள் மிகப் பெரியது. அதுவரை அவள் மலைக்குப் போனால் கைக்குழந்தையைப் பார்க்க மூத்த பெண்பிள்ளை வீட்டில் நின்றாள். பால்வாடி வந்ததும் சின்னது பால்வாடிக்குப் போனது. மூத்தவள் பள்ளிக்கூடம் போனாள். பள்ளிக்குப் போன பெண் சற்றுத் தாமதமாகத் திருமணம் செய்தாள். 1978-இல் பெண்ணின் திருமண வயதைச் சட்டம் 18 ஆக்கியிருந்தாலும், அதை வீட்டுக்குள் உண்மையாக்கியது பள்ளிக்கூடம்தான். 1989-இல் வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டமும் படிப்பை நிபந்தனையாக்கி அதற்கு வலுச் சேர்த்தது.

மூன்றாவதாக, பிள்ளை செலவுக்குரியவன் ஆனான். சீருடை, டியூஷன், பேருந்துக் கட்டணம், பிறகு பாலிடெக்னிக்கும் நர்சிங்கும். கால்டுவெல் சொன்ன திருப்பம் நடந்தது இங்கேதான். ‘நாங்க பட்ட பாடு எங்க பிள்ளைக படக்கூடாது’ என்ற ஒரு வாக்கியத்தை ஜீப்புக்குப் போன பெண்களின் வாயில் எத்தனையோ முறை கேட்கலாம். எட்டுப் பேரைப் படிக்கவைக்க முடியாது, இரண்டு பேரைப் படிக்கவைக்கலாம்.

இதில் மலைக்கு மேலும் கீழும் ஒரு வேறுபாடு உண்டு. கேரளத்தில் 1991-இல் பெண் கல்வி 86 விழுக்காடு. அங்கே படித்த தாய்மார்கள் பிறப்பைக் குறைத்தார்கள். உலகம் அதை எளிதாகப் புரிந்துகொண்டது. தமிழ்நாட்டில் அதே ஆண்டு பெண் கல்வி 51 விழுக்காடுதான். இங்கே எழுதப் படிக்கத் தெரியாத கூலிக்காரத் தாய்மார்களும் சேர்ந்தே அந்த முடிவை எடுத்தார்கள். தங்களுக்குக் கிடைக்காத படிப்பைப் பிள்ளைகளுக்கு வாங்கித்தர அவர்கள் கையிலிருந்த ஒரே வழி, பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது. வறுமை இருந்தால் பிள்ளைகள் அதிகம் பிறந்தே தீரும் என்று எழுதிய ஏடுகளுக்கு இந்தச் சரிவுகள் பதில் தந்தன.

பெண் குழந்தையின் விலை

இந்த வரலாற்றைப் பெருமையோடு மட்டும் முடிக்க முடியாது. மதுரை–போடி ரயில் பாதையில் உள்ள உசிலம்பட்டி, 1986-இல் ‘இந்தியா டுடே’ வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு பெண்சிசுக் கொலையின் பெயராகவே நாடு முழுவதும் அறியப்பட்டது. ஒரு சாதியின், ஓர் ஊரின் குற்றம் போல அன்று அது பேசப்பட்டது. உண்மையில் மதுரை, தேனி, திண்டுக்கல், சேலம், தருமபுரி என்று நீண்ட நிலப்பரப்பில், பல சாதிகளில் அது இருந்தது.

முன்பு பல சமூகங்களில் மாப்பிள்ளை வீட்டார் பரிசம் போட்டுப் பெண் எடுத்தார்கள். வயலில் பாதி வேலை பெண்ணுடையது. அவளை அனுப்பும் வீட்டுக்கு அது இழப்பு என்ற நியாயம் அதில் இருந்தது. பாசனமும் பணப்பயிரும் அரசு வேலையும் வந்த பிறகு அந்த வழக்கம் தலைகீழானது. பெண் வீட்டார் நகையும் ரொக்கமும் சீரும் கொடுக்க வேண்டும் என்றானது. காதுகுத்து, சடங்கு, பேறுகாலம் என்று செய்முறை முடிவதே இல்லை. இந்த நேரத்தில்தான் சிறு குடும்பமும் வந்தது. எட்டுப் பிள்ளை வீட்டில் மூன்று பெண்கள் இருந்தாலும் ஆண்பிள்ளைக்கு இடம் இருந்தது. இரண்டே போதும் என்றான பிறகு, இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்தால் அந்தக் குழந்தையின் உயிரே கேள்விக்குள்ளானது. ஆண்பிள்ளை ஆசையைத் தொடாமல் எண்ணிக்கையை மட்டும் குறைத்த சமூகம், அந்த ஆசையின் பாரத்தைப் பிறந்த பெண் சிசுவின் மேல் இறக்கியது. பின்னர் ஸ்கேன் கருவி வந்ததும் அது கருவிலேயே நடந்தது. கருவின் பாலினத்தைக் கண்டறிவதற்கு 1994-இல் சட்டத்தடை வந்தது.

1992-இல் ஜெயலலிதா அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. 2001-இல் அது தேனிக்கும் விரிந்தது. அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் தேனி மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 900-க்கும் குறைவு. 2011-இல் அந்த எண் 930-ஐத் தாண்டி உயர்ந்தது. செவிலியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், மகளிர் குழுக்கள் எல்லோருடைய உழைப்பும் அதில் உண்டு. படித்து வேலைக்குப் போன மகள்கள் பெற்றோரைத் தாங்கிய காட்சியும் உண்டு.

இப்போது எழும் கேள்வி

இன்று ஏலத்தோட்டங்களில் மத்தியப் பிரதேசம், ஜார்கண்ட், அசாமிலிருந்து வந்த குடும்பங்கள் வேலை செய்கின்றன. ஜீப்பில் போன பெண்களின் பிள்ளைகள் படித்து நகரங்களுக்குப் போய்விட்டார்கள். ஊரில் முதியவர்கள் கூடிவருகிறார்கள். இதற்கிடையே, தொகுதி மறுவரையறையில் தமிழ்நாட்டின் நாடாளுமன்ற இடங்கள் குறையக்கூடும் என்ற கவலையில், 2025 மார்ச்சில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், மணமக்கள் உடனே பிள்ளை பெற வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலம் அதற்காகத் தண்டிக்கப்படக்கூடாது என்பது முழுக்க நியாயம். அந்த நியாயத்தை நாடாளுமன்றத்தில் கேட்டு வாங்க வேண்டும். அதன் பொறுப்பு புதுமணப் பெண்ணின் வயிற்றுக்கு உரியது அல்ல.

எழுபது ஆண்டுகளாக நாட்டுக்காகக் குறைத்துக்கொள் என்று கேட்ட குரல், இப்போது நாட்டுக்காகப் பெருக்கு என்று கேட்கிறது. இரண்டு குரலுக்கும் நடுவில் இந்தச் சரிவுப் பெண்கள் தங்கள் பிள்ளையின் வாழ்க்கையை முன்வைத்தே முடிவெடுத்தார்கள். இனியும் அப்படித்தான் எடுப்பார்கள். இன்னொரு பிள்ளை வேண்டும் என்று விரும்பும் குடும்பத்துக்குத் தேவையானவை நமக்குத் தெரியும்: பேறுகாலத்தில் போகாத கூலி, தோட்டத்துக்கு அருகிலேயே குழந்தைக் காப்பகம், கடன் வாங்காமல் முடிக்கக்கூடிய படிப்பு, வரதட்சணை இல்லாத திருமணம், வீட்டுவேலையிலும் கருத்தடையிலும் பங்கெடுக்கும் ஆண். 1951 சட்டம் வாக்களித்த காப்பகம், போடியிலிருந்து போன நாள்கூலிப் பெண்ணுக்குக் கிடைக்காமலே போனது. இன்று அதே சரிவில் தொட்டில் கட்டிவிட்டுக் காய் எடுக்கும் ஜார்கண்ட் தாய்க்காவது அது கிடைக்கட்டும். அதைக் கேட்டு வாங்கித்தரும் கடமை, இந்தப் பெண்களின் உழைப்பில் படித்து மேலே வந்த நம் எல்லோருக்கும் இருக்கிறது.

அடுத்த வாரம் போடியின் ஏல அரங்குக்குள் போவோம். 2019 ஆகஸ்ட்டில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாயைத் தொட்டது எப்படி, அந்த விலையில் காய் எடுத்தவர் கைக்கு எவ்வளவு வந்தது என்பதைப் பார்ப்போம்.

(தொடரும்)